மெசினுக்கும் ஓர் அடையாள அட்டை வேண்டும்

வீட்டு விறாந்தையில் இருந்த தையல் மெசின் ஓரிரவில் காணாமற் போகிறது. முறைப்பாடு செய்யப் போகும் பெண்ணிடம் பொலிஸ் நிலையத்தில் கேட்கப்படும் முதற் கேள்விகளுள் ஒன்று, அந்த மெசினின் இலக்கம் என்ன என்பது. கறுப்பு நிறம், மோட்டர் பூட்டியது, இடது பக்கத்தில் சிறு கீறல் ஒன்று இருக்கும் என்பதற்கு மேல் எம்மில் பெரும்பாலானோரிடம் பதில் கிடையாது. அதே கறுப்பு நிறத்தில், அதே கம்பனியின் மெசின் ஒவ்வொரு ஒழுங்கையிலும் நான்கு வீட்டில் இருக்கிறது.

தொழிற் கருவிகளைப் பாதுகாப்பது என்றதும் பூட்டு, கமெரா, காவல் நாய் என்றுதான் பேச்சுப் போகும். அவையும் வேண்டும். ஆனால் எமது பகுதிகளில் நடக்கும் இழப்புகளைக் கூர்ந்து பார்த்தால், பொருள் போவதை விடவும், போன பொருள் தன்னுடையதென்று நிரூபிக்க முடியாமற் போவதே பலரை வீழ்த்தியிருக்கிறது. களவுக்கும் இது பொருந்தும், வெள்ளத்துக்கும் பொருந்தும், யுத்தத்துக்கும் பொருந்தும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பிரதான வீதியில், காத்தான்குடியைக் கடந்ததும் வருவது ஆரையம்பதி. மண்முனைப் பற்றுப் பிரதேச செயலகம் இங்குதான் இருக்கிறது. மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவே ஒடுங்கிய மணல் நிலம். எழுவான்கரையின் பல ஊர்களைப் போலவே இங்கும் தொழில் என்பது தொழிற்சாலை அல்ல. வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெசின், வளவுக்குள் தகரக் கொட்டிலில் ஒரு வெல்டிங் பிளான்ட், கடையின் மூலையில் போட்டோ கொப்பி மெசின், மீன் வாடியில் ஐஸ் பெட்டியும் பிரீசரும், கடலுக்குப் போகும் படகின் எஞ்சின், வாவிக்குப் போகும் தோணியும் வலையும், கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளரின் கமெரா. ஒரு குடும்பத்தின் முழு முதலும் பல வேளைகளில் இப்படியான ஒற்றைப் பொருளில்தான் முடங்கிக் கிடக்கிறது. அதிலும் அரைவாசி கடனில் வாங்கியதாக இருக்கும். மெசின் போனாலும் தவணை போகாது. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை 2018 இல் அரசாங்கம் இரத்துச் செய்ய வேண்டி வந்ததை நினைத்துப் பார்த்தால், அந்தத் தவணைகளின் பாரம் விளங்கும்.

கடதாசி இல்லாதவர்களின் இழப்பு

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியபோதும், 2007 இல் படுவான்கரையிலிருந்து சனம் பெருந்தொகையாக வாவியைக் கடந்து வந்தபோதும், கையில் எடுத்துவர முடிந்தவை கொஞ்சமே. தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்த கதையும், தண்ணீர் மோட்டரை வளவுக்குள் புதைத்துவிட்டு வந்த கதையும் வடக்குக் கிழக்கில் எந்த ஊரில் விசாரித்தாலும் கிடைக்கும். இவற்றுக்கு நடுவே 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தது. ஆரையம்பதியின் கடற்கரைப் பக்கமும் அதற்குத் தப்பவில்லை. படகு, எஞ்சின், வலை எல்லாம் போனதோடு, அவற்றை வாங்கிய பற்றுச்சீட்டு வைத்திருந்த அலுமாரியும் போனது.

பின்னர் நட்டஈடு என்று விண்ணப்பங்கள் வந்தன. ஆட்கள், ஆதனங்கள் மற்றும் கைத்தொழில்கள் புனர்வாழ்வு அதிகார சபை 1987 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. பெயரிலேயே கைத்தொழில் இருந்தது. 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இழப்பீட்டுக்கான அலுவலகம் உருவாக்கப்பட்டது. அலுவலகங்களின் பெயர் மாறினாலும் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் கேள்வி மாறவில்லை: ஆதாரம் என்ன? வீடு இடிந்திருந்தால் சுவராவது சாட்சி சொல்லும். இழந்துபோன லேத் மெசினுக்கு யார் சாட்சி?

இதை எழுதுவது பழைய காயத்தைக் கிளற அல்ல. அடுத்த இழப்பு களவாக வந்தாலும் வெள்ளமாக வந்தாலும் அதே கேள்விதான் காத்திருக்கிறது. அதற்கான பதிலைத் தயார்செய்ய ஒரு கைத்தொலைபேசியும் ஒரு பின்னேரமும் போதும்.

மெசினின் அடையாள அட்டை என்பது இவ்வளவுதான்: பொருளின் பெயர், கம்பனி, மாதிரி, தொடர் இலக்கம், வாங்கிய இடமும் திகதியும் விலையும், அதற்கென்றே உள்ள தழும்பு அல்லது திருத்தம், நான்கைந்து புகைப்படங்கள். தொடர் இலக்கம் எங்கே இருக்கும் என்பதுதான் பலருக்குச் சிக்கல். தையல் மெசினில் அடித்தட்டின் முன்பக்கத்திலோ அடியிலோ சிறு தகட்டில் பொறித்திருக்கும். படகு எஞ்சினில், படகோடு சேர்த்து இறுக்கும் பிடியின் பக்கத்தில் ஒட்டிய தகட்டில் இருக்கும். உப்புக் காற்றில் அதுதான் முதலில் அழியும், ஆகவே புதிதாக இருக்கும்போதே படமெடுத்து வையுங்கள். நீர் மோட்டர், கிரைண்டர், வெல்டிங் பிளான்ட் ஆகியவற்றில் வோல்ற்றளவு எழுதிய அதே தகட்டில். மடிக்கணினிக்கு அடிப்புறத்தில். கைத்தொலைபேசியில் நட்சத்திரம், ஹாஷ், பூச்சியம், ஆறு, ஹாஷ் என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் கொண்ட எண் திரையில் வரும். இன்று கடைக் கணக்கு, வாடிக்கையாளர் தொடர்பு, வங்கிப் பரிமாற்றம் எல்லாமே அதில்தான் நடப்பதால் கைத்தொலைபேசியையும் தொழிற் கருவியாகவே எண்ண வேண்டும்.

இலக்கத் தகடு இல்லாத பொருட்கள் ஏராளம். பழைய கைத்தறி, தச்சுப் பட்டறையின் இழைப்புளிகள், பொற்கொல்லரின் குறடும் சின்னச் சம்மட்டியும், வலை, தோணி. அவற்றில் நீங்களே அடையாளம் பொறிக்க வேண்டும். பெயரின் முதலெழுத்துகளும் நீங்கள் மறக்காத நான்கு இலக்கங்களும் போதும். இரும்பென்றால் எழுத்துப் பொறியால் ஓர் அடி, மரமென்றால் சூடாக்கிய கம்பி. ஒன்று கண்ணுக்குத் தெரியும் இடத்தில், மற்றொன்று மெசினைக் கழற்றினால் மட்டும் தெரியும் இடத்தில். திருடன் முதலாவதை அராவிவிடுவான். இரண்டாவதைத் தேடிக்கொண்டிருக்க அவனுக்கு நேரம் இருக்காது.

இந்தத் தாளை மெசின் இருக்கும் அதே அறையில் வைப்பதில் பிரயோசனம் இல்லை. சுனாமி கற்பித்த பாடம் அது. ஒரு பிரதி உறவுக்காரர் வீட்டில், படங்கள் வெளிநாட்டில் உள்ள தம்பியின் அல்லது மச்சாளின் வட்ஸ்அப்பில். எந்த வங்கிப் பெட்டகத்தையும் விட அது பாதுகாப்பானது, செலவும் இல்லை. பற்றுச்சீட்டு வெப்பத்தாளில் அச்சடித்ததாக இருந்தால் ஒரு வருடத்துக்குள் எழுத்து வெளிறிவிடும். அதையும் அன்றே படமெடுத்துவிட வேண்டும்.

சொல்லிக்கொண்டு செய்வதும் சொல்லாமல் செய்வதும்

பொருட்களில் அடையாளம் பொறிக்கும் பழக்கம் ஒரு திட்டமாக உருவெடுத்தது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள மொன்டரேய் பார்க் என்ற சிறு நகரத்தில், 1963 இல். பின்னர் பல நாடுகளில் பொலிஸார் இதைப் பின்பற்றினர். பிரித்தானியாவின் தென் வேல்ஸ் பள்ளத்தாக்குக் கிராமங்களில் 1980 களில் இதை ஆராய்ந்த குற்றவியலாளர் குளோரியா லேகொக் சுவாரசியமான ஒன்றைக் கண்டார். வீடுடைப்புக் குறைந்தது உண்மை. ஆனால் குறைத்தது பொறித்த இலக்கம் மட்டுமல்ல. இந்த ஊரில் பொருட்கள் அடையாளமிடப்பட்டுள்ளன என்ற செய்தி பரவியதும், கதவில் ஒட்டிய ஸ்டிக்கரும், வீடு வீடாக நடந்த பேச்சும்தான் பெரும்பங்கு வேலையைச் செய்திருந்தன.

ஆகவே அடையாளமிட்ட விடயத்தை ஊரறியச் சொல்லுங்கள். ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ மீனவர் கூட்டுறவுச் சங்கமோ தன் அங்கத்தவர்களின் மெசின்களையும் எஞ்சின்களையும் ஒரே நாளில் பதிந்து, அதை ஓர் அறிவித்தலாக வாசிகசாலைச் சுவரில் ஒட்டினால் போதும். விற்க முடியாத பொருளைத் திருடி என்ன செய்வது? ரொனால்ட் கிளார்க் என்ற மற்றொரு குற்றவியலாளர் 1999 இல் வெளியான தனது ஆய்வில், அதிகம் திருடுபோகும் பொருட்களின் இயல்புகளாக ஆறைக் குறிப்பிட்டார். மறைக்க இலகு, தூக்கிச் செல்ல இலகு, கைக்கெட்டும் இடத்தில் இருத்தல், பெறுமதி, அனுபவிக்கத் தகுந்தது, விற்க இலகு. இவற்றுள் கடைசியையே அவர் மிக முக்கியமானதாகக் கருதினார். எங்கள் ஊர்களில் நீர் மோட்டர் களவுபோவதும் இதனால்தான். உள்ளே இருக்கும் செப்புக் கம்பிக்குப் பழைய இரும்புக் கடையில் கேள்வியின்றிக் காசு கிடைக்கிறது. உடைமையாளருக்கு ஒரு போகத் தோட்டத்தின் தண்ணீர், திருடனுக்குச் சில கிலோ செம்பு.

ஊரறியச் சொல்லக் கூடாத ஒன்றும் இருக்கிறது. அதை எமது ஊடகத் துறையே சொல்லிக்கொண்டிருக்கிறது. வாழ்வாதார உதவி வழங்கும் வைபவங்களை நினைத்துப் பாருங்கள். பெண் தலைமைத்துவக் குடும்பமொன்றுக்குத் தையல் மெசின். மேடையில் அதிதிகள் ஐந்து பேர் மெசினில் கை வைத்து நிற்க, நடுவில் அந்தப் பெண். அடுத்த நாள் முகநூலிலும் செய்தித் தளங்களிலும் படம் வருகிறது. பெயர், கிராமம், கணவரை இழந்தவர் என்ற விபரம், கொடுத்த பொருளின் பெறுமதி, எல்லாமே. புதிய மெசின் எந்த வீட்டில் இருக்கிறது, அந்த வீட்டில் ஆண் துணை இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் அறிவிக்க முடியாது. பெறுபவரின் மானம் பற்றிய கேள்வி ஒருபுறம் இருக்க, இது நேரடியான பாதுகாப்புப் பிரச்சினை.

படத்துக்கு நின்ற அதே அதிதிகள் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்காமற் போவது எதை என்று பார்த்தால், பற்றுச்சீட்டின் பிரதியையும் உத்தரவாத அட்டையையும்தான். அவை நிறுவனத்தின் கணக்குக் கோப்புக்குள் போய்விடுகின்றன. மெசின் அவளுடையது என்பதற்கு அவளிடம் உள்ள ஒரே சான்று அந்த முகநூல் படம்! பொருள் வழங்கும் நிறுவனங்களும், புலம்பெயர் உறவுகள் நடத்தும் அறக்கட்டளைகளும், பிரதேச செயலகங்களும் ஒரு சிறு மாற்றத்தைச் செய்யலாம். பொருளோடு ஒரு தாள்: தொடர் இலக்கம், விலை, வழங்கிய திகதி, இன்னாருக்கு முழு உரித்துடன் வழங்கப்பட்டது என்ற ஒரு வரி, முத்திரை. படம் எடுப்பதானால் மெசினை எடுங்கள்.

பூட்டும் கமெராவும்

பூட்டைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. விலை கூடிய ஆமைப்பூட்டை வாங்கி, அதைத் தாங்கும் கொண்டியைச் சிறிய ஸ்குரூ ஆணியில் பொருத்துவதுதான் நாம் வழமையாகக் காணும் காட்சி. திருடன் பூட்டைத் தொடுவதே இல்லை, கொண்டியை நெம்பி எடுக்கிறான். கதவை ஊடுருவிச் சென்று உட்பக்கத்தில் நட்டால் இறுக்கும் போல்ட் ஆணிகள் வேண்டும். தகரக் கூரையும் சீற்றுக் கூரையும் உள்ள கொட்டில்களில் கதவை விடக் கூரைதான் பலவீனமான வாசல். அதனால் கனமான மெசினைச் சீமெந்துத் தரையில் பதித்த வளையத்தோடு சங்கிலியால் பிணைப்பது, மூன்றாவது பூட்டை விடப் பயன் தரும். மாலையில் படகு எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கி வருவது அலுப்புத்தான். ஆனாலும் கரையில் விட்டு வருவதற்கு அதுவே மாற்று.

களவுக்கு நேரம் காலம் உண்டு. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் நாட்கள், கோயில் திருவிழாவின் கடைசி இரவுகள், சாவீட்டுக்கு முழு ஒழுங்கையும் போயிருக்கும் பகல்கள், நீண்ட மின்தடை. வளவைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சொல் சொல்லிப் போகும் பழைய வழக்கத்துக்கு எந்தக் கருவியும் ஈடாகாது.

சிசிரிவி கமெரா வாங்குபவர்கள் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். படம் பதியும் பெட்டியைக் கமெராவின் அடியிலேயே வைத்தால் திருடன் அதையும் எடுத்துக்கொண்டு போவான். மின் தடைப்படும்போது இயங்க ஒரு சிறு பற்றரி வசதியும் வேண்டும். மற்றையது மனிதர் சம்பந்தமானது. சோதனைச் சாவடிகளையும், வீடு வீடாகக் குடும்பப் படம் எடுத்த காலங்களையும் கடந்து வந்த சனம் நாம். உங்கள் கமெரா அயல்வீட்டுப் படலையைப் பார்த்தபடி இருந்தால், அது களவைத் தடுக்கும் முன் ஓர் அயலவரை இழக்கச் செய்யும். உங்கள் வாசலை மட்டும் பார்க்கும்படி திருப்பி வையுங்கள்.

உப்பு, தண்ணீர், மின்சாரம்

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஊரில் மிகப் பெரிய திருடன் காற்றுத்தான். உப்பும் ஈரமும் கலந்த காற்று இரும்பைத் தின்பதற்குப் பூட்டு ஒரு தடையல்ல. இங்கே பலர் செய்யும் ஒரு வேலை, மெசினைப் பாதுகாப்பதாக எண்ணிப் பொலித்தீனால் இறுக்கி மூடுவது. பகலில் உள்ளே அகப்படும் ஈரம் இரவில் குளிர்ந்து, மெசின் மேலேயே வியர்வைபோற் படிகிறது. ஒரு மாரி முடிவதற்குள் கறள் பிடித்துவிடும். காற்றுப் புகும் பருத்தித் துணியால் மூடுவதே சரி. பழைய வேட்டித் துண்டு போதும். கூரை ஒழுகும் நாளில் மட்டும் அதன் மேலே பொலித்தீனை விரித்து, மழை விட்டதும் எடுத்துவிட வேண்டும். வேலை இல்லாவிட்டாலும் கிழமைக்கு ஒருமுறை எண்ணெய் விட்டு ஓட்டுங்கள். கைத்தறியில் நூலிழைகளைப் பிரித்து நிறுத்தும் இரும்புப் பற்கள் கறள் பிடித்தால் சேலையே கறைப்படும். தறி நிற்கும்போது அவற்றை இலேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மீண்டும் நெய்யுமுன் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். தறியின் மரக் கால்களைக் கறையான் நெருங்காதிருக்க, கழிவு எண்ணெய் ஊற்றிய தகரப் பேணிகளில் நிறுத்தும் பழைய முறைக்கு இன்றும் குறையில்லை.

கமெரா வில்லைகளில் பூஞ்சணம் பிடிப்பது இப்பகுதிப் படப்பிடிப்பாளர்கள் எல்லோரும் அறிந்த தொல்லை. தோற் பையில் வைப்பது அதற்கு விருந்து வைப்பது போன்றது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும், ஈரப்பதனைக் காட்டும் சிறு மானியும் போதும். மானி 40 க்கும் 50 க்கும் இடையில் நின்றால் நிம்மதி, 60 ஐத் தாண்டினால் பொட்டலத்தை மாற்ற வேண்டும்.

படகு எஞ்சினைக் கடலுக்குப் போய்வந்ததும் நன்னீரில் சில நிமிடம் ஓட விட்டுக் கழுவ வேண்டும் என்பது எல்லா மீனவருக்கும் தெரிந்ததே. படகு கவிழ்ந்து எஞ்சின் கடலில் மூழ்கினால் என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். வெயிலில் காய விடுவதுதான் வழமை. அது தவறு. உப்பு நீர் பட்ட உலோகம் காற்றுப் பட்டவுடன் வேகமாக அரிக்கத் தொடங்கும். உடனே நன்னீரால் கழுவி, பிளக்கைக் கழற்றி, கயிற்றை மெதுவாக இழுத்து உள்ளே உள்ள தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு, அன்றைக்கே திருத்துநரிடம் கொண்டுபோக வேண்டும். இழுக்கும்போது மணல் அரையும் சத்தம் கேட்டால் மேற்கொண்டு இழுக்கக் கூடாது. அன்று திருத்துநர் கிடைக்காவிட்டால், எஞ்சினை நன்னீர்த் தொட்டிக்குள்ளேயே அமிழ்த்தி வைத்திருப்பது காய விடுவதை விட நல்லது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் எஞ்சின் தப்புவது அப்படித்தான்.

வெள்ளம் எங்களுக்குப் புதிதல்ல. 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளியைப் பெரியவர்கள் இன்றும் காலக் கணக்குக்கு எல்லைக்கல்லாக வைத்திருக்கிறார்கள். 2011 ஜனவரி வெள்ளம் இளையவர்களுக்கும் நினைவிருக்கும். வாவி நீர் கடலோடு சேரும் வழிகள் வடக்கே பாலமீன்மடுப் பக்கமும் தெற்கே கல்லாற்றுப் பக்கமும் உள்ளன. அவை மணல் மூடிக் கிடக்கையில் பெருமழை பெய்தால் தண்ணீர் ஊருக்குள் ஏறும். முகத்துவாரம் வெட்டுவது பற்றிய பேச்சு அடிபடும் நாளே, கடைக்காரர் தன் பிரீசரையும் போட்டோ கொப்பி மெசினையும் கல்லடுக்கி உயர்த்த வேண்டிய நாள். சென்ற வெள்ளத்தின் கறைக்கோடு சுவரில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிளக் சொக்கட்டுகள் அதற்கு மேலே இருக்க வேண்டும். கடை புதிதாகக் கட்டுபவர்களுக்கு இது கூடுதல் செலவே இல்லை.

வெள்ளம் வடிந்ததும் ஆவலில் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதே பல மோட்டர்களைக் கொல்கிறது. தண்ணீரில் எரியாமல் தப்பிய மோட்டர், ஈரத்தோடு மின்சாரம் பட்டதும் எரிந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து உயிருக்கு. சேற்றையும் உப்பையும் நன்னீரால் கழுவி, நாட்கணக்கில் காற்றில் உலர வைத்து, மின்தொழிலாளரிடம் காப்பீட்டுத் தடையை அளக்கும் மானியால் பரிசோதித்த பின்னரே இணைக்க வேண்டும்.

மின்சாரத்தால் வரும் சேதம் தனிக் கதை. எங்கள் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற். அது மூன்று முனைக் கம்பிகளில் ஒன்றிலிருந்தும் நியூற்றல் கம்பியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. மழைக் காற்றில் கொப்பு விழுந்து நியூற்றல் மட்டும் அறுந்தால், சில வீடுகளுக்கு அழுத்தம் 400 வோல்ற்றை நெருங்கி ஏறிவிடும். மின்குமிழ்கள் திடீரென மிகப் பிரகாசமாக எரிந்தால் அதுதான் அறிகுறி. உடனே பிரதான சுவிட்சை நிறுத்திவிட்டு மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அறிவியுங்கள். அழுத்தம் குறைவதும் ஆபத்தே. பிரீசரின் கொம்பிரசர் இயங்க முடியாமல் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகிக் கருகும். அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் தானாகத் துண்டித்து, மின் திரும்பி வந்து சில நிமிடங்கள் கழித்தே இணைக்கும் சிறு கருவிகள் கடைகளில் உண்டு. அதன் விலையையும் ஒரு கொம்பிரசரின் விலையையும் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இடிமின்னல் நேரத்தில் மட்டும் எந்தக் கருவியையும் நம்பாமல் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

காப்புறுதியின் சின்ன எழுத்துகள்

காப்புறுதி என்றாலே எங்களில் பலருக்கு அவநம்பிக்கை. அதற்குக் காரணமும் உண்டு. யுத்தத்தால் வரும் சேதத்தைப் பொதுவாக எந்தக் காப்புறுதி ஒப்பந்தமும் ஏற்பதில்லை. 1983 ஜூலை கலவரத்துக்குப் பின்னர், வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம் போன்ற ஆபத்துகளுக்கென அரசாங்கம் 1987 இல் தனி நிதியமொன்றை அமைத்தது. இன்று அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் இருக்கிறது. ஆனால் அது தானாகக் கிடைக்காது. தீக் காப்புறுதி எடுக்கும்போது மேலதிகக் கட்டணம் செலுத்தி அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். வெள்ளமும் அவ்வாறே. 2016 இல் இதே நிதியத்தின் ஊடாகத் தொடங்கப்பட்ட இயற்கை அனர்த்தக் காப்புறுதியில் வீடுகளுக்கும் சிறு வியாபாரங்களுக்கும் உச்ச வரம்பு 25 இலட்சம் ரூபா என அறிவிக்கப்பட்டது.

தனியார் கம்பனியில் எடுப்பவர்கள் கையொப்பமிடு முன் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். களவுக் காப்புறுதி பெரும்பாலும் கதவோ கூரையோ உடைக்கப்பட்ட அடையாளம் இருந்தால்தான் பணம் தரும். பட்டப்பகலில் திறந்த கடையிலிருந்து மடிக்கணினியை ஒருவர் எடுத்துப் போனால் அது அதற்குள் அடங்காமற் போகலாம். வீட்டுக் காப்புறுதி இருக்கிறதே என்று நினைத்து, வீட்டில் நடத்தும் தொழிலின் மெசினும் அதற்குள் அடங்கும் என எண்ணிவிடக் கூடாது. எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் பேரை ஏமாற்றுவது: குறைத்துக் காப்புறுதி செய்தல். ஒரு உதாரணம். உங்கள் மெசினின் இன்றைய விலை 4 இலட்சம். நீங்கள் அதை 2 இலட்சத்துக்கே காப்புறுதி செய்திருக்கிறீர்கள். தீயில் 1 இலட்சம் ரூபா சேதம். 2 இலட்சத்துக்குள் தானே, முழுவதும் கிடைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பெறுமதியில் அரைவாசிக்கே காப்புறுதி செய்ததால் சேதத்திலும் அரைவாசியே, அதாவது 50,000 ரூபாவே கிடைக்கும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபா வரை போனது நினைவிருக்கும். இறக்குமதி மெசின்களின் விலையும் அதோடு ஏறியது. அதற்கு முன் எழுதிய தொகையையே வருடாவருடம் புதுப்பித்து வருபவர்கள், தங்களை அறியாமலேயே அரைக் காப்புறுதியில் இருக்கிறார்கள். மெசின் கடனில் எடுத்ததென்றால் காப்புறுதிப் பணம் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

களவு போன பின்

எதையும் தொடாமல், கூட்டாமல், முதலில் படமெடுங்கள். பின் 119 இலக்கத்துக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ அறிவியுங்கள். ஆரையம்பதி காத்தான்குடிப் பொலிஸ் பிரிவுக்குள் வருகிறது. முறைப்பாட்டைத் தமிழில் பதியக் கேட்பது சலுகை அல்ல. அரசியலமைப்பின்படி தமிழ் அரசகரும மொழி, வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழியும்கூட. விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிடத் தேவையில்லை. தொடர் இலக்கம் முறைப்பாட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்து, பிரதி ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். காப்புறுதிக் கம்பனியும் கடன் கொடுத்த நிறுவனமும் அதைத்தான் முதலில் கேட்கும். பொலிஸ் வாசலை மிதிக்கத் தயங்கும் பெண்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு எங்கள் வரலாற்றில் காரணம் இருக்கிறது. சங்கத்தின் தலைவியையோ ஓர் உறவினரையோ கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் போகாமல் விடாதீர்கள்.

இன்னொன்றையும் பேசத்தான் வேண்டும். ஆரையம்பதியும் காத்தான்குடியும் ஒரே வீதியில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள். 1990 இன் காயங்கள் இரு பக்கமும் உண்டு. ஒரு பொருள் களவுபோன மறுகணமே, ஆதாரம் எதுவுமில்லாமல், அந்தப் பக்கம்தான் போயிருக்கும் என்ற சொல் இரு ஊர்களிலும் எழுகிறது. அதே ஊர்களில்தான் எங்கள் மெசின்களைத் திருத்துபவர்களும், பாவித்த பொருட்களை வாங்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் சந்தேகத்தோடு போனால் வாய் திறக்க மாட்டார்கள். தொடர் இலக்கம் எழுதிய ஒரு துண்டைக் கொடுத்து, இந்த இலக்கத்தோடு ஒரு மெசின் வந்தால் சொல்லுங்கள் என்றால், நேர்மையான எந்தக் கடைக்காரரும் அதைச் சுவரில் ஒட்டி வைப்பார். திருட்டுப் பொருள் என அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது தண்டனைச் சட்டக் கோவையின் 394 ஆம் பிரிவின் கீழ்க் குற்றம் என்பது அவருக்கும் தெரியும். இலக்கம் இல்லாதபோதுதான் அறியாமல் வாங்கினேன் என்று சொல்ல இடமிருக்கிறது. நீங்கள் பாவித்த மெசின் ஒன்றை வாங்கும்போதும் இது பொருந்தும். விற்பவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிய ஒரு கைத்துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

பொருள் அகப்பட்டால் அது நேரே வீட்டுக்கு வராது. வழக்குச் சான்றுப்பொருளாக நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கு முடியக் காலம் எடுக்கும், அதுவரை நீதிமன்றக் களஞ்சியத்தின் மூலையில் கிடந்தால் மெசின் கறளாகித்தான் வரும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 431 ஆம் பிரிவின் கீழ், பொலிஸார் கைப்பற்றிய பொருளை அதற்கு உரித்துடையவரிடம் கையளிக்க நீதவான் கட்டளையிடலாம். அந்த விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியவை பற்றுச்சீட்டு, தொடர் இலக்கம் தெரியும் படம், முறைப்பாட்டின் பிரதி. கேட்கும்போது நீதிமன்றத்தில் கொண்டுவந்து காட்டுவதாக முறி எழுதிக் கொடுத்து மெசினைப் பெற்றுக்கொண்டால், வழக்கு முடியும்வரை அதை விற்கவோ, நிறம் மாற்றவோ, இலக்கத் தகட்டைக் கழற்றவோ கூடாது. தைப்பதற்குத் தடையில்லை.